பிரபுவின் கோட்டைக்குள் சிற்றாலயம்: ஊர் ஆலயம் அருகிலிருக்க அது ஏன் வேண்டியிருந்தது?

எழுவான்கரை ரீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்கு வரலாறு கற்பிக்கிறேன். ஐரோப்பிய வரலாற்றில் நிலமானிய முறையைத் தொடங்குவதற்கு முன்னர் கோட்டை என்றால் என்னவென்று பிள்ளைகள் கண்ணால் காண வேண்டும் என்று எண்ணி, சென்ற மாதம் அவர்களைப் புளியந்தீவிலுள்ள மட்டக்களப்புக் கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். கொத்தளத்தில் நின்று வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி, "ரீச்சர், இதற்குள்ளே இருந்தவர்கள் எங்கே கும்பிட்டார்கள்?" என்று கேட்டாள். நான் ஐரோப்பியக் கோட்டைகளுக்குள் சிற்றாலயம் இருக்கும் என்று மட்டும் சொன்னேன். அவள் அத்துடன் விடவில்லை. கோட்டைக்கு வெளியே ஊரில் ஆலயம் இருந்திருக்குமே, பிரபு அங்கே போயிருக்கலாமே, எதற்காகத் தனக்கென்று ஒன்றைக் கட்டினான் என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. பாதுகாப்புக்காக, முற்றுகைக் காலத்தில் வெளியே போக முடியாது என்பதற்காக என்று பதில் சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அந்தப் பதில் எனக்கே நிறைவைத் தரவில்லை. முற்றுகை எப்போதோ ஒருமுறை வருவது. சிற்றாலயமோ ஒவ்வொரு நாளும் பயன்பட்டது. படங்களைப் பார்த்தால், பல கோட்டைகளில் அது மேல்மாடியில், பிரபுவின் படுக்கையறையை ஒட்டி இருக்கிறது. ஊர் மக்கள் ஏறி வரக்கூடிய இடமாகவும் தெரியவில்லை. அந்தச் சிற்றாலயம் பிரபுவின் குடும்ப வாழ்வில் உண்மையில் என்ன இடத்தை வகித்தது? மாணவருக்கு எடுத்துச் சொல்லக்கூடிய தெளிவான உதாரணங்களுடன் அறிந்தவர்கள் விளக்கினால் மிகுந்த நன்றியுடையவளாக இருப்பேன்.

படுவான்கரையான் எழுதியது:

வணக்கம் ரீச்சர். உங்கள் மாணவியின் கேள்விக்குப் போவதற்கு முன்னர் ஒரு சொல்லைச் சீர்செய்துகொள்வோம். தமிழில் இரண்டு வெவ்வேறு கட்டடங்களை நாம் "கோட்டை" என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். புளியந்தீவில் நீங்கள் பார்த்தது 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய படைக்கோட்டை. அதில் தளபதியும் படைவீரரும் இருந்தார்கள். சம்பளத்துக்கு வந்தவர்கள், உத்தரவு வந்தால் வேறிடம் போகிறவர்கள். அவ்வாறான கோட்டைக்குத் தேவைப்பட்டது அங்கே வசிப்பவர் எல்லோருக்குமான பொது ஆலயம். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் கட்டிய தேவாலயமும், காலிக் கோட்டைக்குள் 1755இல் எழுந்த பெரிய தேவாலயமும் அந்த வகையைச் சேர்ந்தவை. இடைக்கால ஐரோப்பாவின் கோட்டை அவ்வாறானதன்று. அது ஒரு குடும்பத்தின் வீடு; பிரபுவின் வழக்குமன்றம், களஞ்சியம், கணக்கறை எல்லாம் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தன. அந்த வீட்டின் சாமியறைதான் சிற்றாலயம் என்று சொன்னால் மாணவருக்கு முதற்படி விளங்கிவிடும். ஆனால் நமது சாமியறையில் சம்பளம் வாங்கும் குருவும் இல்லை, வழக்கும் எழுத்தும் அங்கே நடப்பதில்லை. ஆகவே அந்த ஒப்பீட்டை முதற்படியோடு நிறுத்திவிட வேண்டும்.

அந்தப் பெயரின் கதையே பாதி விளக்கத்தைத் தந்துவிடும். உரோமப் படைவீரராக இருந்த புனித மார்ட்டின், அமியேன் நகர வாயிலில் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரன் ஒருவனுக்குத் தம் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பது மரபு. அந்த அங்கியைப் பிராங்கிய அரசர்கள் திருப்பண்டமாகப் போற்றினார்கள்; போருக்குச் செல்லும்போது உடன் கொண்டுபோனார்கள்; அதன் முன்னிலையில் சத்தியம் செய்வித்தார்கள். சிறிய அங்கிக்கு இலத்தீனில் "கப்பெல்லா" என்று பெயர். அதைக் காத்த குருமார் "கப்பெல்லானி" ஆனார்கள். அது வைக்கப்பட்ட இடமும் "கப்பெல்லா" ஆயிற்று. ஆங்கிலத்தில் நாம் "சப்பல்" என்றும் "சப்ளின்" என்றும் சொல்லும் இரண்டும் அங்கிருந்து வந்தவையே. ஆகவே இந்தச் சொல் தொடக்கத்தில் குறித்தது, அரசனோடு நகர்ந்துகொண்டிருந்த ஒரு புனிதப் பொருளையும் அதைச் சுற்றியிருந்த எழுத்தறிந்த மனிதர்களையும்தான். கட்டடம் பின்னால் வந்தது.

எழுத்தறிந்த மனிதர்கள் என்பதை நான் வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன். 11ஆம், 12ஆம் நூற்றாண்டுப் பிரபுக்களில் பெரும்பாலோர் எழுதத் தெரியாதவர்கள். எழுத்து அவர்களுக்குக் கூலிக்குச் செய்விக்கும் வேலை. நிலக்கொடை எழுத வேண்டுமா, அயல் பிரபுவுக்குக் கடிதம் அனுப்ப வேண்டுமா, வந்த இலத்தீன் ஓலையைப் படித்துச் சொல்ல வேண்டுமா, பிள்ளைகளுக்கு எழுத்து அறிவிக்க வேண்டுமா, காலையில் திருப்பலி என்னும் பூசையை ஒப்புக்கொடுத்த அதே சிற்றாலயக் குருதான் பகலில் அவற்றையெல்லாம் செய்தார். சார்ள்மேன் பேரரசனின் அவையில் சிற்றாலயக் குருமாரே அரச ஆவணங்களை எழுதும் செயலகமாகவும் இயங்கினார்கள். இலண்டன் வெண்கோபுரத்திலுள்ள புனித யோவான் சிற்றாலயம் பின்னாளில் நீண்ட காலம் அரச ஆவணங்களை அடுக்கி வைக்கும் இடமாகவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்தத் தூண்களுக்கிடையே கட்டுக்கட்டாக ஏடுகள் கிடந்தன. வழிபாட்டுக்கும் எழுத்துக்கும் இருந்த உறவு பின்னரும் அங்கே ஒரு வகையில் தொடர்ந்தது போலவே எனக்குத் தோன்றுகிறது.

இப்போது மேல்மாடிக்கு வருவோம். வெண்கோபுரத்தை இங்கிலாந்து மன்னன் முதலாம் வில்லியம் 1070களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கினான். அதன் தென்கிழக்கு மூலையில், சதுரமாக எழும் சுவர் திடீரென்று அரைவட்டமாக வெளியே புடைத்து நிற்பதை எந்தப் புகைப்படத்திலும் காணலாம். அந்தப் புடைப்புக்குள்தான், உயரத்தில், சிற்றாலயத்தின் கிழக்கு முனை இருக்கிறது. உள்ளே பருத்த உருளைத் தூண்கள் பன்னிரண்டு. மேலே வளைந்த கற்கூரை. சிற்றாலயங்களை உயரத்தில் அமைத்ததற்குப் பல காரணங்கள் உண்டு. பிரபுவின் வாழ்வறைகள் பாதுகாப்புக்காக மேலே இருந்தன; சிற்றாலயமும் அவற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். அத்துடன், பலிபீடத்துக்கு மேலே மனிதர் படுத்து உறங்குவதும் நடமாடுவதும் தகாது என்ற எண்ணமும் இருந்தது. மேல்தளத்தில் வைத்தாலோ, பீடம் இருக்கும் முனையைச் சுவருக்கு வெளியே நீட்டிவிட்டாலோ அந்தச் சிக்கல் தீரும்.

மாணவருக்கு ஒரே ஒரு படத்தைத்தான் காட்ட முடியும் என்றால் நான் ஜேர்மனியிலுள்ள நியூரம்பேர்க் கோட்டையின் இரட்டைச் சிற்றாலயத்தைக் காட்டுவேன். ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஆலயங்கள். கீழ்த்தளம் தடித்த தூண்களும் மங்கிய வெளிச்சமும் கொண்டது. அங்கே பணியாளர்கள் நின்றார்கள். மேல்தளம் உயர்ந்த மெல்லிய தூண்களும் வெளிச்சமும் உள்ளது. அங்கே அவைப் பிரமுகர்கள். அதற்கும் மேலே, மேற்குப் பக்கத்தில், பேரரசருக்கென்று ஒரு மாடம். இரண்டு தளங்களுக்கும் நடுவே தரையில் ஒரு சதுரத் திறப்பு விடப்பட்டிருக்கிறது. கீழே நிற்பவன் அண்ணாந்து பார்த்தால் மேல் ஆலயத்தின் வெளிச்சமும் கூரையின் ஒரு துண்டும் தெரியும். செபத்தின் ஓசை அந்தத் திறப்பு வழியாக இறங்கி வரும். மேலே நிற்பவரை அவனால் முழுமையாகக் காண முடியாது. அந்தச் சமுதாயத்தின் படிநிலையை ஆசிரியர் கரும்பலகையில் கூம்பாக வரைந்து காட்டுவதைவிட, அந்தத் திறப்பின் கீழே ஒரு நிமிடம் நிற்பது அதை நன்றாக உணர்த்தும்.

நமது பகுதிப் பெருங்கோயில்களில் திருவிழாவின்போது குடிகளின் (தாய்வழிக் குலங்களின்) வரிசைப்படி காளாஞ்சி என்னும் கோயில் மரியாதை வழங்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, வழிபாட்டிடத்தில் வரிசை என்பது என்ன என்று தனியாக விளக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கட்டாயம் சொல்லுங்கள். இங்கே கோயிலின் உரிமை குடிகளிடமும் அவர்கள் சார்பில் நிற்கும் கோயில் நிர்வாகிகளான வண்ணக்கர்களிடமும் பகிர்ந்து கிடக்கிறது. ஒரு குடிக்கு முதல் வரிசை தவறினால் அது கேள்வி கேட்கும். கோட்டைச் சிற்றாலயத்தில் கீழ்த்தளத்தில் நின்றவனுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை இருக்கவில்லை. கட்டடமும் குருவும் மெழுகுதிரியும் பிரபுவின் செலவு.

தாண்டவன்வெளி எழுதியது:

ரீச்சருக்கும் படுவான்கரையான் ஐயாவுக்கும் வணக்கம். நான் மறைக்கல்வி கற்பிப்பவன். ஐயா சொன்னவற்றில் தவறொன்றும் இல்லை. ஆயினும் மாணவியின் கேள்வியின் மையம் "ஊர் ஆலயம் இருக்கத் தனியாக ஏன்" என்பதுதானே. அதற்குத் திருச்சபைச் சட்டத்தின் பக்கமிருந்தும் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பிரபு விரும்பியவாறு சிற்றாலயம் வைத்துக்கொள்ள முடிந்ததில்லை.

ஒவ்வொரு ஊரும் ஒரு பங்குக்குள், அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள ஆலயப் பகுதிக்குள், அடங்கியிருந்தது. அந்தப் பங்கு மக்கள் விளைச்சலில் பத்திலொரு பாகத்தைப் பங்கு ஆலயத்துக்குக் கொடுத்தார்கள். திருமுழுக்கும் அடக்கமும் அங்கேயே நடந்தன. அவற்றால் வந்த காணிக்கை பங்குக் குருவின் சீவியத்துக்கு உதவியது. இந்த நிலையில் ஊரிலேயே மிகப் பெரிய செல்வந்தன் தன் வீட்டுக்குள் தனியாகப் பூசை வைத்துக்கொண்டு விலகிவிட்டால் பங்கு ஆலயம் நலிந்துபோகும். ஆகவே தனிச் சிற்றாலயத்தில் திருப்பலி நடத்த ஆயரின் அனுமதி வேண்டியிருந்தது. அந்த அனுமதியோடு நிபந்தனைகளும் வந்தன: திருமுழுக்குத் தொட்டி வைக்கக் கூடாது, இறந்தோரை அடக்கம் செய்யக் கூடாது, பெருவிழா நாட்களில் குடும்பத்தோடு பங்கு ஆலயத்துக்கு வர வேண்டும், காணிக்கையில் பங்கு ஆலயத்துக்கு உரியது போய்ச் சேர வேண்டும் என்பன போன்றவை. இடத்துக்கு இடம் நிபந்தனை மாறும். 1215ஆம் ஆண்டு நான்காம் இலாத்தரன் சங்கம், விசுவாசிகள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தம் சொந்தக் குருவிடம் பாவசங்கீர்த்தனம் (பாவங்களை அறிக்கையிடுதல்) செய்து பாஸ்கா என்னும் உயிர்ப்பு விழாக் காலத்தில் நற்கருணை வாங்க வேண்டும் என்று கட்டளையிட்டது. பிரபுவுக்கும் அதிலிருந்து விலக்கில்லை. தனக்கென்று ஒரு குருவை வைத்துப் பாவசங்கீர்த்தனம் செய்யத் தனி அனுமதி பெற்றாக வேண்டும். கோட்டைச் சிற்றாலயம் பிரபுவின் பெருமையைக் காட்டியது உண்மை. அதே வேளை அவன் யாரிடம் அனுமதி கேட்டு நின்றான் என்பதையும் அது காட்டுகிறது. இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டுக் கற்பித்தால் பிள்ளைகள் அந்தக் காலத்தைப் பிழையாக விளங்கிக்கொள்வார்கள்.

இன்னொன்று, இதை நான் மனதாரச் சொல்கிறேன். கூம்பு வடிவப் படிநிலை, அதிகாரம், பெருமை என்று மட்டும் பேசினால், அந்த மனிதர்கள் உண்மையிலேயே விசுவசித்தார்கள் என்பது மறைந்துபோகிறது. அவர்கள் சாவைக் கண்டு அஞ்சினார்கள். கையில் இரத்தக் கறை உள்ளவர்கள் என்பதையும் அறிந்திருந்தார்கள். உத்தரிக்கிற ஸ்தலத்தில் தம் ஆத்துமா வேதனைப்படும் காலத்தைக் குறைக்கப் பூசை உதவும் என்று நம்பினார்கள். ஆகவே தமக்காகவும் தாய் தந்தையருக்காகவும் நாள்தோறும் பூசை ஒப்புக்கொடுக்க நிலத்தை எழுதி வைத்தார்கள். இங்கிலாந்தில் அவ்வாறு அமைந்த ஆத்தும பூசை நிறுவனங்களை ஆறாம் எட்வேட்டின் ஆட்சியில் 1547ஆம் ஆண்டுச் சட்டம் கலைத்துவிட்டது. நமது முதியவர்கள் இன்றும் கார்த்திகையில் மரித்தோருக்காகப் பூசைக்குப் பெயர் கொடுக்கிறார்களே, அந்த நம்பிக்கையின் வேர் அங்கேயும் ஓடுகிறது.

எடின்பரோக் கோட்டையின் உச்சியில் புனித மார்கரெட் சிற்றாலயம் என்று ஒன்று இருக்கிறது. இருபது பேர் அளவில் நின்றால் நிறைந்துவிடும். 1093இல் இறந்த தன் தாய் மார்கரெட் அரசியின் நினைவாக முதலாம் டேவிட் மன்னன் ஏறத்தாழ 1130இல் கட்டியது என்று கொள்வார்கள். 1314இல் ஸ்கொட்லாந்தர் அந்தக் கோட்டையை மீட்டபோது, ஆங்கிலேயர் மீண்டும் பயன்படுத்தக் கூடாது என்று கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். அந்தச் சிற்றாலயத்தை மட்டும் இடிக்கவில்லை. பின்னாளில் அது வெடிமருந்துக் களஞ்சியமாகி, சிற்றாலயம் என்பதே மறக்கப்பட்டு, 1845இல்தான் மறுபடியும் இனங்காணப்பட்டது. இன்று அந்த நகரத்தில் எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழைய கட்டடம் அதுவே.

அக்கரைப்பற்று வாசகன் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். சுருக்கமாக இரண்டு இடங்களை மட்டும் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் மேலே வந்த உதாரணங்கள் எல்லாம் வடக்கு ஐரோப்பாவைச் சேர்ந்தவை.

சிசிலித் தீவின் பலேர்மோ நகரில், நோர்மன் மன்னன் இரண்டாம் ரோஜரின் அரண்மனைக்குள் ஒரு சிற்றாலயம் உள்ளது. 1140இல் அதை அர்ப்பணித்தார்கள். சுவர்களில் பைசாந்தியக் கைவினைஞரின் பொன்பதித்த மொசைக். அமைப்பில் இலத்தீன் மரபு. அண்ணாந்து பார்த்தாலோ, நடுக்கூடத்தின் கூரை முழுவதும் மரத்தாலான முகர்னஸ் வேலைப்பாடு. தேன்கூட்டின் அறைகளைப் போல ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் அந்த அடுக்குகளில் அரபு எழுத்துகளும், இசைக் கலைஞர்களும், கிண்ணம் ஏந்தி அமர்ந்திருக்கும் மனிதர்களும் தீட்டப்பட்டிருக்கிறார்கள். கிறிஸ்தவ மன்னன் செபிக்கும் இடத்தில் முஸ்லிம் மரபின் கைவேலை. தன் ஆட்சிக்குள் இலத்தீன், கிரேக்க, அரபு மக்கள் எல்லோரும் அடங்குகிறார்கள் என்று தன் சிற்றாலயத்தைக் கொண்டே ரோஜர் சொல்லிவிட்டான். அவன் அரச மேலங்கியின் விளிம்பிலும் அரபு எழுத்துகளே இழையால் தைக்கப்பட்டிருந்தன.

மற்றையது சிரியாவிலுள்ள கிராக் தே செவாலியே கோட்டை. சிலுவைப் போர்க் காலத்தில் மருத்துவப் பணித் துறவு வீரர்களின் கையில் இருந்தது. அங்கே தனிப் பிரபு குடும்பம் இல்லை. துறவு விரதம் எடுத்த போர்வீரரே வாழ்ந்தார்கள், ஆகவே சிற்றாலயம் அவர்களது நாளாந்த ஒழுங்கின் நடுவிலேயே நின்றது. 1271இல் சுல்தான் பைபர்ஸ் கோட்டையைக் கைப்பற்றிய பின்னர் அது பள்ளிவாசலாயிற்று. தெற்குச் சுவரில் தொழுகைத் திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடங்கள் குடையப்பட்டன, உரை நிகழ்த்தும் மேடையான மிம்பர் வைக்கப்பட்டது. கிழக்கு நோக்கிக் கட்டப்பட்ட ஒரு கூடத்துக்குள் மக்கள் தெற்கு நோக்கி அணிவகுத்துத் தொழுதார்கள். சுவர்கள் அப்படியே இருக்க, மனிதர் நிற்கும் திசை மட்டும் மாறியதை அந்தக் கட்டடத்தின் தரைப்படத்தில் இன்றும் பார்க்கலாம்.

எழுவான்கரை ரீச்சர் எழுதியது:

மூவருக்கும் எனது மனமார்ந்த நன்றி. அக்கரைப்பற்றுச் சகோதரர் சொன்ன திசை மாற்றத்தைப் படித்தபோது அதைத் தரைப்படமாக வரைந்தே காட்ட வேண்டும் என்று தீர்மானித்துவிட்டேன்.

பாடத்தை ஆயத்தம் செய்யும்போது பாரிஸ் நகரத்துச் சான்ற் சப்பல் பற்றியும் படித்தேன். ஒன்பதாம் லூயி மன்னன், இயேசுவின் முள்முடி என்று போற்றப்பட்ட திருப்பண்டத்தை 1239இல் கொன்ஸ்தாந்திநோப்பிள் பேரரசன் இரண்டாம் பால்ட்வினிடமிருந்து பெற்று, அதை வைப்பதற்காகத் தன் அரண்மனைக்குள் கட்டி 1248இல் அபிஷேகம் செய்வித்த ஆலயம் அது. முடிக்குக் கொடுத்தது 135,000 லீவர் (அக்காலப் பிரெஞ்சு நாணயம்), ஆலயத்தைக் கட்டச் சென்றது 40,000 லீவர் என்று கணக்குச் சொல்கிறார்கள். அங்கேயும் இரண்டு தளங்கள்: கீழ்த்தளம் அரண்மனைப் பணியாளருக்கு, மேல்தளம் மன்னனுக்கு. மன்னனின் மாளிகையிலிருந்து மேல்தளத்துக்கு நேரடியாக வந்துவிட வழி இருந்திருக்கிறது. இதைப் படித்ததும் எனக்குக் கண்டியின் நினைவுதான் வந்தது. புத்தரின் புனிதப் பல்லான தந்ததாது யாரிடம் உண்டோ அவரே அரசர் என்பது அங்கே இருந்த நம்பிக்கை. ஆகவே தலதா மாளிகை அரண்மனையோடு ஒட்டி நின்றது. மாணவருக்கு இதை ஒப்பிட்டுக் காட்டலாமா, அல்லது அது பொருந்தாத ஒப்பீடாகுமா?

இன்னொரு கேள்வியும் உண்டு. என் வகுப்பில் பெண்பிள்ளைகளே அதிகம். இதுவரை பிரபு, மன்னன், வீரன் என்றே பேசினோம். அந்தக் கோட்டைகளில் வாழ்ந்த பெண்களுக்குச் சிற்றாலயம் என்னவாக இருந்தது?

படுவான்கரையான் எழுதியது:

ஒப்பிடலாம் ரீச்சர், தாராளமாக. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்: கண்டியில் தந்ததாது அரசுரிமைக்கே நிபந்தனையாகக் கருதப்பட்டது. முள்முடி இல்லாமலும் லூயி பிரான்சின் மன்னன்தான். திருப்பண்டத்தால் அவன் பெற்றது ஐரோப்பிய மன்னர்களிடையே ஓர் உயர்வு. அத்துடன் தாண்டவன்வெளித் தம்பி சொன்ன விசுவாசத்தையும் மறக்க வேண்டாம்; அந்த முடி வந்தபோது மன்னன் அரச உடையைக் களைந்து, வெறுங்காலோடு அதைச் சுமந்து நடந்தான். தம்பியின் திருத்தம் சரியானது, நான் எழுதியதில் அந்தப் பக்கம் குறைந்துபோயிருந்தது.

பெண்களைப் பற்றிக் கேட்டீர்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த சான்று ஒன்று உண்டு. இங்கிலாந்தின் நான்காம் எட்வேட் மன்னனின் தாயார் சிசிலி, யோர்க் கோமகள், 1495இல் மறைந்தவர். கணவரையும் மகன்களையும் போரிலும் அரசியல் கொலைகளிலும் இழந்தவர். முதுமையில் பேர்க்காம்ஸ்ரெட் கோட்டையில் வாழ்ந்த காலத்து அவரது நாளாந்த ஒழுங்கு எழுத்தில் நமக்குக் கிடைத்திருக்கிறது. காலை ஏழு மணிக்கு எழுவார். தயாராக நிற்கும் சிற்றாலயக் குருவோடு காலைச் செபம் சொல்வார். தம் அறையிலேயே ஒரு சிறு திருப்பலி. அதன் பின்னர் ஏதாவது சிறிது உண்பார். பின்னர் சிற்றாலயத்துக்குச் சென்று வழிபாட்டிலும் மேலும் இரண்டு திருப்பலிகளிலும் பங்குகொள்வார். மதிய உணவின்போது ஒருவர் பக்தி நூலொன்றை உரக்க வாசிப்பார். உணவுக்குப் பின்னர், தம்மிடம் அலுவலாக வந்தவர்களை ஒரு மணி நேரம் சந்திப்பார்; கால் மணி நேரம் உறங்குவார்; எழுந்து மாலைச் செபத்துக்கான மணி ஒலிக்கும் வரை செபத்தில் இருப்பார். இரவு உணவில், பகலில் வாசிக்கக் கேட்டதைத் தம்மோடு இருப்பவர்களுக்குத் தாமே எடுத்துச் சொல்வார். எட்டு மணிக்குப் படுக்கை.

இதை முழுவதுமாக வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள். நாளின் ஒவ்வொரு மூட்டிலும் சிற்றாலயம் இருக்கிறது: எழுந்தது முதல் உறங்கும் வரை அந்த வீட்டின் நேரத்தை அளந்தது அதன் மணியும் அதன் செபமும்தான். அத்துடன் அந்த அம்மையார் வெறுமனே மண்டியிட்டிருந்தவர் அல்லர் என்பதையும் கவனியுங்கள். நூலைக் கேட்டு, மனத்தில் இருத்தி, இரவில் தாமே போதிக்கிறார். நடுவில் ஒரு மணி நேரம் நிர்வாகம். பீடத்தில் பெண் நிற்க முடியாத காலத்தில், சிற்றாலயத்தைச் சுற்றியிருந்த வாசிப்பும் செபநூலும் வீட்டின் ஒழுக்கமும் பெருமளவில் பெண்களின் கையில் இருந்தன. பிள்ளைகளுக்கு முதல் எழுத்தைச் செபநூலைக் கொண்டு கற்பித்தவரும் பல வீடுகளில் தாயே.

ஆண்பிள்ளைகளுக்கு ஒன்று வேண்டுமானால் வீரப்பட்டம் பெறுவதற்கு முந்தைய இரவைச் சொல்லுங்கள். பட்டம் பெறப்போகும் இளைஞன் நீராடி, சிற்றாலயத்தில் இரவு முழுவதும் உறங்காமல் விழித்திருப்பான். அவனது வாள் பீடத்தின்மேல் கிடக்கும். விடிந்ததும் திருப்பலி, அதன் பின்னர் பட்டம். எல்லாரும் அவ்வாறு செய்தார்கள் என்று கொள்ள வேண்டாம். போர்க்களத்திலேயே தோளில் ஒரு தட்டோடு பட்டம் பெற்றவரும் உண்டு. ஆனால் இலண்டன் வெண்கோபுரத்தின் அந்தச் சிற்றாலயத்தில், முடிசூட்டு விழாக்களுக்கு முன்னர் இளைஞர்கள் அவ்வாறு விழித்திருந்திருக்கிறார்கள். கற்கூரையின் கீழே, மெழுகுதிரி வெளிச்சத்தில், தன் வாளைத் தொட முடியாத தூரத்தில் வைத்துவிட்டு நிற்கும் பதினெட்டு, இருபது வயதுப் பையனைப் பிள்ளைகள் எளிதாக மனத்தில் வரைந்துகொள்வார்கள்.

பணியாளருக்கும் வறியவருக்கும் இருந்த தொடர்பையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பெரிய வீடுகளில் தருமப் பங்கீட்டைக் கவனிக்க ஒரு குரு இருந்தார். விருந்துக் கூடத்தில் எஞ்சிய உணவு அவர் பொறுப்பில் கோட்டை வாயிலில் காத்திருந்தவர்களுக்குப் போயிற்று. மேல்மாடிச் சிற்றாலயத்தை ஊரவர் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். அதன் குருவை அந்த வாயிலில் கண்டிருப்பார்கள்.

தாண்டவன்வெளி எழுதியது:

ரீச்சர், தரைப்படம் வரைவதாகச் சொன்னீர்கள். பிள்ளைகளிடம் முதலில் கிழக்குத் திசையைக் குறிக்கச் சொல்லுங்கள். பீடம் பெரும்பாலும் அந்தப் பக்கம் வரும். கோட்டையின் தரைப்படத்தில் சிற்றாலயம் எது என்று எழுதியிராவிட்டாலும், கிழக்குச் சுவரில் அரைவட்டமாகவோ பலகோணமாகவோ வெளியே நீளும் ஒரு பகுதியைத் தேடினால் அநேகமாக அகப்பட்டுவிடும். வேல்ஸ் நாட்டிலுள்ள கொன்வி கோட்டையின் படம் கிடைத்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். 1283இல் முதலாம் எட்வேட் தொடங்கிய கோட்டை அது. அங்கே சிற்றாலயக் கோபுரத்தின் சுவர்த் தடிப்புக்குள் ஒரு சிறிய அறை இருக்கிறது. மன்னன் மற்றவர் கண்ணில் படாமல் அங்கே அமர்ந்து, திறப்பு வழியாகப் பீடத்தைப் பார்த்துத் திருப்பலியில் பங்குகொள்ளலாம். அந்த அறையையும் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.